விரலில் மாட்டிய எண்ணும் விடியாத இரவும்

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். பலத்த குறட்டை, இடையிடையே மூச்சே நின்றுவிடுகிறது. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கருவியை இரவில் அவர் விரலில் மாட்டிப் பார்க்கிறேன். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 91, 88 சதவீதம் என்று காட்டுகிறது. மூன்று மாதமாக எனக்கும் உறக்கம் இல்லை. அவரோ மருத்துவரிடம் வர மறுக்கிறார். - வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு, மலேசியா

பதில்: சகோதரி, குறட்டை பெரிதாகி, சட்டென்று அடங்கி, அறையே அமைதியாகும் அந்த வினாடிகளில் உங்கள் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது எனக்குப் புரிகிறது. உங்கள் பயம் வீண் பயம் அல்ல. ஆனால், அந்தச் சிறு கருவியிடம் அதற்கு மீறிய பதிலை எதிர்பார்க்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது உறக்க மூச்சுத்தடை (sleep apnea) போலத் தெரிகிறது. உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது. உடனே மூளை அவரை அரைகுறையாக எழுப்ப, திணறலோடு மூச்சு திரும்புகிறது. நுரையீரலில் நடந்தது விரல் நுனியில் தெரிய அரை நிமிடம்கூட ஆகலாம். நீங்கள் 88-ஐப் பார்த்துப் பதறும்போது அவர் பெரும்பாலும் மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருப்பார். கை குளிர்ந்திருந்தாலும் விரல் அசைந்தாலும் எண் தவறும். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதே நோயின் அளவு. 5-க்குக் கீழே என்றால் இயல்பு; 30-ஐத் தாண்டினால் கடுமை. அதை உறக்கப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே இன்றிரவே கருவியை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

எனக்கு அந்த எண்ணைவிட அவர் பிடிக்கும் ஸ்டீயரிங்தான் கவலை தருகிறது. இரவெல்லாம் உடைந்த உறக்கத்தோடு, விடியற்காலையில் பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார். சிக்னலில் கண் சொருகியதுண்டா என்று கேளுங்கள். ஆம் என்றால், விடுப்பு எடுத்தாவது மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். "குறட்டைக்கு மருந்து வாங்கப் போகலாம்" என்று அழைத்தால் வரமாட்டார். அவர் மூச்சு நின்று திணறுவதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, பகலில், சண்டை இல்லாத நேரத்தில் காட்டுங்கள். தான் உறங்குவதைத் தானே பார்த்தவர் யார்? அந்தப் பதிவையே அரசாங்க கிளினிக் மருத்துவரிடமும் காட்டிப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

சிகிச்சை இருக்கிறது. முகமூடி வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சீபேப் (CPAP) இயந்திரம் 1981 முதல் அறியப்பட்டது. முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும். இரவில் மது வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடாது.

விழித்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு வலித்தால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் உங்களுக்கும் சேர்த்து ஒரு வரிசை எண் எடுங்கள். மூன்று மாதமாக உறங்கவில்லை என்பதை நீங்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.