முதல் கிலோமீட்டர்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. தேசிய சேவைக்குப் பிறகு ஓடுவதையே விட்டுவிட்டேன். இரண்டு மாதமாகப் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடிப் பழகுகிறேன். 10 கிலோமீட்டர் ஓட ஆசை. முதல் கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். மூன்றாவது முடிவதற்குள் மூச்சு வாங்கி நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். நீண்ட தூரம் எனக்கு ஒத்துவராதோ?

கா., பிடோக்

அன்புள்ள கா.,

ஒத்துவரும். நீங்கள் இன்னும் அந்தப் பழைய 2.4 கிலோமீட்டரையே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பள்ளியிலும் படையிலும் நமக்குப் பழக்கமான ஓட்டம் அது ஒன்றுதானே. விசில் ஊதியதும் பாய்வோம், முடிந்ததும் புல்லில் விழுந்து கிடப்போம். கையிருப்பை எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் செலவழிக்கும் ஓட்டம் அது. அந்தப் பழக்கம் கால்களை விட்டுப் போக நாளாகும்.

நான் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓடத் தொடங்கியபோது பக்கத்து புளோக் அண்ணன் ஒருவர் கூட வருவார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, "ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேட்பார். "தேக்காவுக்குப் போயிருந்தோம், பரோட்டாவும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டோம்" என்று நான் முழுசாகச் சொன்னால் அப்படியே ஓடுவார். மூச்சு வாங்கி "பரோட்டா" என்று ஒரே சொல்லில் நிறுத்தினால், ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்துவிடுவார். எந்தக் கடிகாரத்தையும்விட அந்தக் கேள்வியைத்தான் இன்றும் நம்புகிறேன்.

அதற்குக் காரணம் நம் சிங்கப்பூர்க் காற்று. விடிவதற்கு முன் இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை உலராமல் சொட்டும்; உலர்ந்தால்தானே உடல் குளிரும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாகத் துடிக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய பயிற்சி அட்டவணையின் வேகம் இங்கே நம்மைச் சீக்கிரமே சாய்த்துவிடும். (தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அதில் பிடிவாதம் வேண்டாம்.)

2023இல் சிகாகோ மாரத்தானில் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2 மணி 35 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 விநாடி, இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 விநாடி. அவரே பின்பாதிக்கு மிச்சம் வைத்துத்தான் ஓடியிருக்கிறார்.

சரி, வரும் சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். முதல் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருக்கும். பெரியவர்கள்கூட உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். நீர்த்தேக்கத்தை ஒரு முறை சுற்றினால் 4.3 கிலோமீட்டர். அதை முடித்த பிறகும் முழு வாக்கியம் பேச வந்தால் அன்றைக்கு அது போதும், வீட்டுக்குப் போய்விடுங்கள். இன்னும் ஓடலாம் போலிருக்கும்போதே நிறுத்துவதுதான் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரண்டு சுற்றும் இன்னும் ஒன்றரை கிலோமீட்டரும் சேர்ந்தால் நீங்கள் கேட்ட 10 வந்துவிடும். அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், முந்தின ராத்திரி என்ன சாப்பாடு என்பதையும் சேர்த்து.