ராக் மேதைகள் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய ராக் கலைஞர்களைப் பற்றி ஆர்வமாகப் படித்துவருகிறேன். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், பாடகர் பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் ஆகியோரின் நீண்ட பேட்டிகளை முடித்துவிட்டேன். இவர்களில் யார் பெரிய மேதை? பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்? வினைல் தட்டு அவசியமா? நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் பெரிய கலைஞர்களாகவும் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சரிதானே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

வினைல் வேண்டாம், கையில் இருக்கும் செல்போன் போதும். யார் பெரியவர் என்பதையும் விட்டுவிடுவோம். உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது.

1967இல் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஜான் வென்னர். 2023இல் தான் எடுத்த பேட்டிகளைப் புத்தகமாகத் தொகுத்தார். ஏழு ராக் கலைஞர்கள்; ஏழு பேருமே வெள்ளைக்கார ஆண்கள். ஏன் இப்படி என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, பெண்களுக்கும் கறுப்பினக் கலைஞர்களுக்கும் அந்தத் தரத்தில் பேச வரவில்லை என்கிற மாதிரி சொன்னார். பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செல்கூட அவர் கணக்கில் தேறவில்லை! பேட்டி வெளிவந்த மறுநாளே, ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளை அவரை இயக்குநர் குழுவிலிருந்து நீக்கியது. அவரும் மன்னிப்புக் கேட்டார். அது போகட்டும். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதானே? ஒரு பாட்டைக்கூடக் காதால் கேட்காமல், யார் மேதை என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?

யூடியூபில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்று தேடுங்கள். கறுப்பினப் பாடகி, கிதார் கலைஞர். 1964 மே, இங்கிலாந்தின் மான்செஸ்டர். மூடிக்கிடந்த ஒரு ரயில் நிலையத்தில் கிரனாடா டிவி எடுத்த நிகழ்ச்சி. இளைஞர்கள் எதிர் நடைமேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் தண்டவாளம். மழையில் எல்லாம் நனைந்து கிடக்கிறது. ஐம்பதை நெருங்கும் அந்த அம்மா குதிரை வண்டியில் வந்து இறங்கி, வெள்ளை எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பாட்டையே எடுக்கிறார். நடுவில் கிதார் மட்டும் தனியாக வரும் இடத்தில் அவர் விரல்களைப் பாருங்கள்.

1938லேயே இசைத்தட்டு கொடுத்தவர் அவர். 1947இல் அமெரிக்காவின் மேக்கன் நகரில், பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்டைச் சிறுவனாக இருந்தபோதே தன் மேடையில் பாட வைத்தவர். 1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. கேல் வால்டு என்ற பேராசிரியை, அவரை அறிந்தவர்களைத் தேடித் தேடிப் பேசி, 2007இல் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அதன் பிறகுதான் பணம் திரட்டிக் கல் வைத்தார்கள். ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். செத்து 45 வருஷம் கழித்து!

இறந்துபோனவர் பேட்டி கொடுக்கமாட்டார், கார்த்திக். அவருக்காக அலைந்து எழுதுகிறவர்களைப் படியுங்கள்.

உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் திட்டுகிறேன். முதலில் தார்ப், அப்புறம் ஜோனி மிட்செலின் 1971 ஆல்பமான 'ப்ளூ'. லெனனுக்கு மெதுவாக வரலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.