கிராமத்துப் பேய்ப் படத்தில் எல்லாத் தரப்பு மக்களையும் காட்டினால் கதை கெட்டுவிடுமா?

கேட்டவர் படம் எடுக்கிற ஆள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தப் பயம் வராது. கெடாது, தைரியமாகக் காட்டுங்கள். நான் சினிமா படித்தவள் இல்லை, பண்ருட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு பேய்க்கு ஜாக்கெட் தைத்தவள்.

சில வருடம் முன்பு எங்கள் ஊர் முந்திரித் தோப்பில் ஒரு சின்னப் பேய்ப் படம் எடுத்தார்கள். பேர் சொல்ல மாட்டேன், தேடாதீர்கள். இயக்குநர் மரியாதையான பையன். "எல்லாரையும் காட்டுறோம்க்கா" என்றார். காட்டத்தான் செய்தார். தாயத்து கட்டும் பாய், ஒரு திருநங்கை, பாம்பு பிடிக்கும் இருளர் தாத்தா, ஆளுக்கு ஒரு சீன். எங்கள் ஏரிக்கரையிலேயே இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் கூட்டத்தில் நிறுத்திவிட்டு, தாத்தா வேஷத்துக்குச் சென்னையிலிருந்து ஒருத்தரைக் கூட்டிவந்து முகத்தில் கறுப்பு பூசினார்கள். அதைப் பார்த்து அந்தக் குடும்பத்துப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பேயும் "ஏலே" என்றது. எங்கள் பக்கத்துப் பேய் எதுவும் "ஏலே" என்று சொல்லாது. எங்களுக்கு "இன்னா"தான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அத்தை விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் கிணற்றில் போய்விட்டாள். அப்போது அவளுக்கு 19 வயது. இப்படி அல்பாயுசில் போன பெண்ணை எங்கள் பக்கம் பேய் என்று விரட்டுவதில்லை. பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக்கொள்வோம். வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் சேலை அவளுக்குத்தான். பம்பை அடித்து, கிணற்றடியிலிருந்து அவளை அழைத்து வந்து, புதுச் சேலை, வளையல், மஞ்சள், பூ எல்லாம் வைத்துப் படைப்போம். என் கல்யாணத்துக்கு அவளுக்கு அரக்குச் சேலை எடுத்தோம்.

ஜாக்கெட்டுக்கு அளவு வாங்கும்போது பேச்சுவாக்கில் இதை அந்த இயக்குநர் தம்பியிடம் சொன்னேன். "பூவாடைக்காரிக்கு வெள்ளை ஆகாது தம்பி" என்றும் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டார். நம்ம வீட்டுச் சாமி சினிமாவில் வருகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

கடலூரில் ஒரு தியேட்டரில் அம்மாவோடு போய்ப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து ஒருத்தி ஏறி வருகிறாள். வெள்ளைச் சேலை, நான் தைத்த வெள்ளை ஜாக்கெட், வாயெல்லாம் ரத்தம். அண்ணன் பிள்ளைகளின் கழுத்தைப் பிடிக்கிறாள். கடைசியில் வேப்பிலையால் அடித்து, புளியமரத்தில் ஆணி அறைந்து அடைக்கிறார்கள். தியேட்டரே கைதட்டியது. அம்மா என் பக்கம் திரும்பி, "அவளாடி புள்ளைங்க கழுத்தப் புடிப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வாயை விட்டவள் நான்தானே.

பேய்ப் படம் என்றால் பயமுறுத்தத்தான் செய்யும், இதற்கெல்லாம் மனசு நோகலாமா என்று எழுத வருகிறவர்களுக்கு: எனக்குப் பேய்ப் படம் பிடிக்கும். 2011-ல் காஞ்சனாவை இரண்டு தடவை பார்த்தவள் நான். அதில் பேயாக வந்த திருநங்கைக்கு ஒரு வாழ்க்கை இருந்தது, அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. நடித்தவர் சரத்குமார், திருநங்கை இல்லையே என்று கேட்டால் அதுவும் சரிதான். திருநங்கைகள் திருவிழாவுக்குக் கூடும் கூவாகம் எங்களுக்கு அதிக தூரமில்லை. நடிக்கத் தெரிந்த திருநங்கை ஒருத்தர்கூடவா கிடைத்திருக்க மாட்டார்?

இன்னொன்று. அந்தப் படத்தில் எங்கள் தோப்பைத் தேனிப் பக்கம் என்று போட்டுவிட்டார்கள். கடலூர் பேர் வெளியே வருவது புயல் மழைக்கு மட்டும்தான். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று மைக்கில் கத்துவார்கள், தண்ணீர் வடிந்ததும் காணாமல் போவார்கள். தானேயில் சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் பதிலாக வைத்த கன்று எப்போது காய்த்தது என்று ஒருத்தர் வந்து கேட்டதுண்டா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆளைக் கொண்டுவருவதற்கு முன்னால், அவர்கள் வீட்டில் செத்தவர்களை என்ன செய்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். மாசி பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடி இருளர்கள் கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். அந்தத் தாத்தாவுக்குப் பாம்பைக் கொடுத்ததற்குப் பதில் அதைப் பேச விட்டிருக்கலாம். கேட்டதை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. தலைகீழாக்கினால் சொன்னவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வரும் ஆவணியில் தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தைக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று இப்போதே வீட்டில் சண்டை. வெள்ளை வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.