ஷார்ட் ஆனதுபோல் காட்டும் பிக்கப்பை மாற்றிவிடலாமா?

கேள்வி: 1970களின் கிப்சன் லெஸ் பால் ரெக்கார்டிங் கிட்டார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆம்ப்பில் செருகினால் ஒலி மெலிந்து, கரகரப்போடு வருகிறது. மல்டிமீட்டரில் இரண்டு பிக்கப்புகளும் (கம்பிகளின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகங்கள்) ஷார்ட் ஆனதுபோல் காட்டுகின்றன. வழக்கமான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் கண்டது பழுதல்ல, அந்தப் பிக்கப்பின் இயல்பாகவே இருக்கக்கூடும். வழக்கமான ஹம்பக்கரில் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றப்பட்டிருப்பதால் மின்தடை ஏறத்தாழ 7, 8 கிலோ ஓம் வரும். உங்கள் கிட்டாரில் உள்ள லோ இம்பீடன்ஸ் (குறைந்த மின்மறுப்பு) பிக்கப்பில் சுற்றுகள் மிகக் குறைவு என்பதால் மீட்டர் வெறும் ஓம் கணக்கில்தான் காட்டும். முள் அசையவே இல்லை, அதாவது மின்சாரமே பாயவில்லை என்றால்தான் கம்பி அறுந்திருக்கிறது என்று கவலைப்பட வேண்டும்.

நீண்ட கேபிளில் போனாலும் ட்ரெபிள் (உயர் சுருதி ஒலி) மங்காது என்பதற்காகவே, இந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த கிட்டார் கலைஞர் லெஸ் பால் இந்த லோ இம்பீடன்ஸ் முறையை விடாமல் வலியுறுத்தினார். 1969இல் வந்த புரொஃபஷனல், பர்சனல் மாடல்களை ஆம்ப்பில் வாசிக்க, மெல்லிய சமிக்ஞையை ஆம்ப்புக்கு ஏற்றபடி உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய தனிக் கேபிள் வேண்டியிருந்தது. 1971இல் வந்த ரெக்கார்டிங் மாடலில் டிரான்ஸ்ஃபார்மர் கிட்டாருக்குள்ளேயே இடம்பெற்று, வெளியீட்டை ஹை (ஆம்ப்புக்கு), லோ (மிக்சருக்கு) இம்பீடன்ஸ் என்று மாற்றும் சுவிட்சும் சேர்ந்தது.

உங்கள் சோதனையை அந்தச் சுவிட்சிலிருந்தே தொடங்குங்கள். அதை லோவில் வைத்து, மிக்சரின் மைக் உள்ளீட்டில், ஃபேண்டம் பவரை (மைக்குக்கு மிக்சர் அனுப்பும் மின்சாரம்) அணைத்துவிட்டு, இணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, சிறு ஸ்க்ரூடிரைவரின் நுனியால் அதன் மேல் மெதுவாகத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். லோவில் ஒலி சரியாக வந்து ஹையில் மட்டும் மெலிந்தால், குற்றவாளி டிரான்ஸ்ஃபார்மர் அல்லது அதை இணைக்கும் சுவிட்சு.

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கேறிய தொடுமுனைகள்தான். வழக்கமான கிட்டாரில் சில ஓம் கூடுதல் தடை யார் காதுக்கும் எட்டாது. பிக்கப்பின் சமிக்ஞையே மிகச் சிறியதான இந்தச் சுற்றில் அழுக்கேறிய தொடுமுனை எளிதில் தொல்லை தரும். ஆகவே ஃபேஸ், டோன் சுவிட்சுகளுக்கும், பல நிலைகளில் சுழலும் டெக்கேட் கண்ட்ரோலுக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். பாதிக் கிட்டார்கள் இதிலேயே குணமாகிவிடும் என்பது என் அனுபவம்.

வால்யூம் கண்ட்ரோலை மாற்ற நேர்ந்தால், கடையில் கிடைக்கும் 250 அல்லது 500 கிலோ ஓம் இங்கே பொருந்தாது. பழையதை அளந்து, அதே மதிப்பில் தேடுங்கள். சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கும் முன் ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த வயரிங் சாதாரண லெஸ் பாலைப்போல் எளியதல்ல. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தாலும் உடலில் துளை போட வேண்டியதில்லை: மைக்குகளுக்கு விற்கும் லோவிலிருந்து ஹைக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கேபிளின் ஆம்ப் முனையில் வைத்து, கிட்டாரை லோவிலேயே வாசிக்கலாம். கழற்றிய பழைய பாகங்களைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.