பன்னிரண்டு மென்பொருள்கள், ஒரே நிறுவனம்: தரவு ஒருங்கிணைப்பு பற்றிய கேள்வி பதில்

பெரிய நிறுவனங்களில் தனித்தனியே இயங்கும் மென்பொருள்களை இணைக்கும் பணியில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி (பம்புசெட் உற்பத்தி நிறுவனம், கோயம்புத்தூர்): ஐயா, எங்களிடம் ஈஆர்பி (கணக்கு, கொள்முதல், உற்பத்தியை ஒன்றாக நடத்தும் மென்பொருள்), கிடங்கு, விற்பனை, சர்வீஸ், சம்பளம் என்று 12 மென்பொருள்கள் உள்ளன. ஒன்றைத் தொட்டால் வேறெங்கோ பழுதாகிறது. நடுவில் ஓர் ஒருங்கிணைப்புத் தளம் வாங்கி வைத்தால் தீருமா?

பதில்: பாதி தீரும். 12 மென்பொருள்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்துக்கொண்டே போனால் 66 இணைப்புகள் வரை பெருகும். நடுவில் ஒரு தளம் இருந்தால் 12 போதும். லிங்க்ட்இன் நிறுவனம், மென்பொருள்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா என்ற தளத்தை உருவாக்கி 2011இல் திறந்த மூலமாக வெளியிட்டதன் பின்னணியிலும் இப்படிப் பெருகிப்போன தனித்தனிக் குழாய்களின் தொல்லைதான் இருந்தது.

மீதிப் பாதி சொற்களில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் ‘வாடிக்கையாளர்’ என்றால் யார் என்று பிரிவு பிரிவாகக் கேட்டுப் பாருங்கள். விற்பனைப் பிரிவுக்கு விலை விசாரித்தவரே வாடிக்கையாளர். கணக்குப் பிரிவுக்கு பில் போடப்பட்ட டீலர். சர்வீஸ் பிரிவுக்கோ, அந்த டீலரிடம் பம்பு வாங்கித் தன் கிணற்றில் இறக்கிய விவசாயி. இம்மூவரையும் ஒரே பெயரில் தளத்துக்குள் அனுப்பினால், இதுவரை மெதுவாகப் பரவிய குழப்பம் இனி நொடியில் பரவும். ஆகவே தளத்துக்கு விலை கேட்கும் முன்பே, ஒவ்வொரு தரவுக்கும் எந்த மென்பொருள் உரிமையுடையது, அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு, மற்றவை எதைப் படிக்க மட்டும் செய்யலாம் என்று ஒரு பட்டியல் எழுதிவிடுங்கள். அதைக் கணினிப் பிரிவு தனியாக உட்கார்ந்து எழுதக்கூடாது. கணக்கரும் கிடங்குப் பொறுப்பாளரும் அதே மேசையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: கடன் வரம்பு, தள்ளுபடி போன்ற வணிக விதிகளை நடுத் தளத்தில் எழுதாதீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த விதி எங்கே இருக்கிறது என்று நிறுவனத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

கேள்வி: இரவில் ஒருமுறை கோப்பு அனுப்பும் பழைய முறை இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதைக் கைவிட்டாக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நாளுக்கு ஒருமுறை போதும் என்ற தரவுக்குக் கோப்பே போதும். கடைசி வரியில் மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் எழுதச் சொல்லுங்கள். கோப்பு முழுதாக எழுதப்பட்ட பிறகே அதன் உண்மைப் பெயரைச் சூட்டுங்கள். பாதிக் கோப்பை மறுபக்கம் படித்துவிடும் விபத்து இவ்விரண்டாலும் நிற்கும்.

கேள்வி (சில்லறை விற்பனைக் குழுமம், சென்னை): நெட்வொர்க் தடைபட்டு மீண்டும் அனுப்பும்போது ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகிவிடுகிறது. ஒருமுறைதான் போக வேண்டும் என்று எப்படி உறுதிசெய்வது?

பதில்: அனுப்பும் பக்கத்தில் அதை உறுதிசெய்ய முடியாது. பதில் வரவில்லை என்றால், அனுப்பியது போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. எனவே மீண்டும் அனுப்பத்தான் வேண்டும். இரண்டாம் முறை வந்ததை அடையாளம் காண்பது பெறுபவரின் கடமை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஜிஎஸ்டி மின் இன்வாய்ஸ் தளமே. 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமாகி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி வரை இறங்கி வந்த முறை அது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்தும் 64 எழுத்து கொண்ட ஐஆர்என் என்ற இன்வாய்ஸ் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. அதே பில்லை எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்தான் வரும் என்பதால், தளம் அதை நகல் என்று திருப்பிவிடுகிறது. 2025 ஜூன் 1 முதல், சிறிய எழுத்தில் அனுப்பிய ஆங்கில பில் எண்ணையும் பெரிய எழுத்தாக மாற்றிய பிறகே கணக்கிடுகிறார்கள். எழுத்து வேறுபாட்டால் ஒரே பில் இரண்டாகத் தோன்றும் வாய்ப்பு அதனால் அடைபட்டது. உங்கள் ஆர்டருக்கும் கடை எண், தேதி, பில் எண் ஆகியவற்றிலிருந்து இப்படி ஓர் அடையாளத்தை உருவாக்கி, பெறும் தரவுத்தளத்தில் அது இரண்டாம் முறை நுழைய முடியாதபடி கட்டுப்பாடு வையுங்கள்.

கேள்வி: தரவுத்தளத்தில் பதிவாகிவிடுகிறது, ஆனால் அதைத் தெரிவிக்கும் செய்தி சில நேரம் வெளியே போவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு இடத்தில் எழுதும்போது நடுவில் சர்வர் நின்றால் இப்படித்தான் ஆகும். செய்தியையும் அதே தரவுத்தளத்தில், அதே பரிவர்த்தனைக்குள் (இரண்டும் சேர்ந்தே பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது), ‘அனுப்ப வேண்டியவை’ என்ற தனி அட்டவணையில் எழுதுங்கள். வேறொரு நிரல் அதைப் படித்து அனுப்பட்டும். அந்த நிரலும் சில நேரம் இருமுறை அனுப்பும். முந்தைய பதிலில் சொன்ன கட்டுப்பாடு அங்கே கைகொடுக்கும்.

கேள்வி (காப்பீட்டுத் துறை, மதுரை): ஒரே வாடிக்கையாளர் மூன்று மென்பொருளில் மூன்று விதமாக இருக்கிறார். பெயரை வைத்து ஒன்றாக்கலாமா?

பதில்: தமிழ்ப் பெயரை மட்டும் நம்பி ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். சு. கண்ணன், கண்ணன் சு, கண்ணன் சுப்பையா ஆகிய மூன்றும் ஒருவராக இருக்கலாம். மூன்று பேராகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் வெளிநாட்டு மென்பொருளில் ஒருவர் அப்பா பெயரை நிரப்புவார், இன்னொருவர் தன் பெயரையே இருமுறை எழுதுவார்.

எழுத்துக்குள்ளும் சிக்கல் உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு பிடிக்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பு போன்றவையும் தனிக் குறியீடுகளே. ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயர் 13 குறியீடுகள், ஆக 39 பைட்டுகள். பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கிய பழைய அட்டவணைக்குள் அது ‘தமிழ்ச்செல’ என்றுதான் போய் உட்காரும். அடுத்து, ‘கோமதி’ என்பதிலுள்ள ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு பெயர். ஒப்பிடும் முன் எல்லாப் பெயரையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரித்து எழுதியதை ஒரே குறியீடாக்கும் வடிவம்) மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பிறந்த தேதி, கைப்பேசி எண், பான் எண் ஆகியவற்றைச் சேர்த்துப் பொருத்தி, ஐயமுள்ளவற்றைக் கிளை ஊழியர் ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும். தவறாக ஒன்றாக்கப்பட்ட இருவரின் பாலிசிகளை மீண்டும் பிரிப்பதற்கு, ஒன்றாக்கியதைவிடப் பல மடங்கு உழைப்பு தேவைப்படும்.

கேள்வி: பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே வார இறுதியில் மாறிவிட மேலிடம் விரும்புகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியில் நடந்ததை மேலிடத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள். சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைக் கொண்ட அந்த வங்கி, 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாறியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது; தளம்தான் நிலைகுலைந்தது. வழக்கமான நிலை முழுமையாகத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

ஆகவே இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறது என்பதோடு நிறைவடையாதீர்கள். சிறிய டிப்போ ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் அங்கே இணையாக ஓடவிட்டு, மாத இறுதிக் கணக்கு முடிக்கும் நாளொன்றை அந்த டிப்போ தாண்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.