அரங்கேற்ற மேடையில் உடை கைவிடாமல் இருக்க

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இன்னும் ஆறு வாரத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம். போன மாதம் கோயில் விழாவில் ஜதிஸ்வரம் ஆடும்போது வலது கால் சலங்கை அவிழ்ந்துவிட்டது. குனிந்து அதைப் பிடிக்கப் போனதில் மேலாக்கில் குத்தியிருந்த சேஃப்டி பின்னும் திறந்துகொண்டது. குழந்தை மேடையிலேயே அழுதுவிட்டாள். இப்போது புது உடை தைக்கக் கொடுக்க வேண்டும். என் அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டுச் சேலையை வெட்டித் தைக்கலாமா? தையற்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்? அன்றைக்கு மறுபடி ஏதாவது ஆனால் ஆட்டத்தை நிறுத்தலாமா? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: சலங்கை அவிழ்ந்ததில் உங்கள் மகளின் தவறு எதுவும் இல்லை என்பதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் முடிச்சில்தான் கோளாறு இருக்கும். அதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

இப்போது கட்டுகிற கயிறு நைலானா என்று பாருங்கள். நைலான் வழுவழுப்பானது. தட்டடவில் (தரையைத் தட்டி ஆடும் அடிப்படை அசைவு) கால் விழும் ஒவ்வொரு முறையும் முடிச்சு இம்மியளவு நழுவும். பத்து நிமிடத்தில் அது ஒரு விரல் அளவாகிவிடும். அரை அங்குல அகலப் பருத்தி நாடாவுக்கு மாற்றுங்கள். அடுத்து முடிச்சின் திசை. முதல் சுற்றில் வலது நுனியை இடது நுனிக்கு மேல் கொண்டுபோனால், இரண்டாம் சுற்றில் இடது நுனி வலதுக்கு மேல் போக வேண்டும். இரண்டு சுற்றும் ஒரே திசையில் போனால் முடிச்சு ஆட ஆட நழுவும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: பூ முடிச்சின் இரண்டு காதுகளும் கணுக்காலைச் சுற்றிப் படுத்தாற்போல் குறுக்காகக் கிடந்தால் சரி. மேலும் கீழுமாக நட்டுக்கொண்டு நின்றால் தப்பு, பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்.

முடிச்சு கணுக்காலின் வெளிப்புறத்தில் விழட்டும். உட்புறத்தில் இருந்தால் இரண்டு கால் சலங்கையும் உரசும்போது கழன்றுகொள்ளும். உட்கார்ந்தபடி கட்டிவிட்டு, உடனே எழுந்து அரைமண்டியில் (முட்டிகளைப் பக்கவாட்டில் திறந்து பாதி உட்கார்ந்த நிலை) நிற்கச் சொல்லுங்கள். மடங்கிய காலில் பட்டை தானாகவே இறுகும். அந்த நிலையில் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு. ஒரு விரலும் நுழையாவிட்டால் வர்ணம் (நிகழ்ச்சியின் நீளமான உருப்படி) முடிவதற்குள் பாதம் மரத்துப்போகும். சரியானதும் நுனிகளைப் பட்டைக்குள் செருகி, ஊசி நூலால் முடிச்சின் குறுக்கே இரண்டு தையல் போட்டுவிடுங்கள். அரை நிமிட வேலைதான். அதன் பிறகு அந்த முடிச்சு கத்தரித்தால்தான் வரும். தோலில் பட்டை உராய்ந்து சிவந்தால், அடியில் இரண்டு அங்குல அகலத்துக்கு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வியர்வையை அது வாங்கிக்கொள்வதால் பட்டையும் சுழலாது.

கயிறு போலவே மணிகளையும் பாருங்கள். விலை குறைந்த சலங்கையில் ஒரு வரிசை மணி முழுவதையும் ஒரே நூலில் கோத்துத் தைத்திருப்பார்கள். எங்காவது ஒரு இடத்தில் நூல் அறுந்தால் ஒன்றன் பின் ஒன்றாக உதிரும். வெறுங்காலில் மணியை மிதித்தால் கால் வழுக்கும், பாதத்தில் காயமும் ஆகும். பட்டையைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு மணிக்கும் தனித்தனி முடிச்சு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெழுகு தடவிய கெட்டி நூலால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒவ்வொன்றாகத் தைத்து வாங்குங்கள். பிறகு ஒவ்வொரு மணியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். சலசலவென்று ஆட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

பழைய பட்டுச் சேலை விஷயத்துக்கு வருவோம். ஆசை புரிகிறது, ஆனால் முதலில் சேலையைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டில்தான் நைந்திருக்கும். அங்கே வெளிச்சம் கோடு கோடாகக் கசியும். மடிப்பின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து மெதுவாக விலக்கிப் பாருங்கள். இழைகள் பிரிந்தாலோ, மெல்லிய சரசரப்போடு கீறினாலோ அந்தத் துணி பைஜாமாவுக்கு உதவாது. அப்படியானால் முந்தானையையும் ஜரிகைக் கரையையும் எடுத்து மேலாக்குக்கும் விசிறி (கால்களுக்கு நடுவே விரியும் கொசுவம்) ஓரத்துக்கும் வைத்துக்கொண்டு, பாரம் தாங்கும் பகுதிகளுக்குப் புதுப் பட்டு வாங்குங்கள். பாட்டியின் சேலையும் மேடையேறும், குழந்தையும் நிம்மதியாக ஆடுவாள்.

1930களில் கலாக்ஷேத்ராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி மேடையேறிய காலத்தை ஒட்டித்தான் இன்றைய தைத்த உடை பரதத்தில் பரவியது. சுற்றிக் கட்டிய சேலை, உடம்பு மடங்கும்போது தானே நெகிழ்ந்து கொடுக்கும். தைத்த உடை அப்படிக் கொடுக்காது. வெட்டும்போது விட்ட இடம்தான் ஆடும்போது கிடைக்கிற இடம். அதனால் அளவு கொடுக்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். நிற்கும் அளவை மட்டும் எடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடுப்பு, தொடை, முட்டி மூன்றையும் முழுமண்டியில் (குதிகால் தூக்கி முழுக்கக் குந்திய நிலை) உட்கார வைத்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

பைஜாமா கிழிவது ஏறக்குறைய எப்போதும் கவட்டில்தான். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கிற இடம் அது. முழுமண்டியில் இழுப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் விழும். அங்கே வைர வடிவத்தில் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்தால் தையல்கள் விலகிப்போய் இழுப்பு பரவிவிடும். ஒரு பக்கம் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கவட்டுத் தையல் இரட்டைத் தையலாக வேண்டும். பட்டு தனியாகக் கிழிவதைவிடத் தையல் ஓரத்தில் இழை நகர்ந்து வாய் பிளப்பதுதான் அதிகம். உள்ளே பருத்தி லைனிங் சேர்த்துத் தைத்தால் அந்த இழுப்பை லைனிங் தாங்கும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் வியர்வையிலேயே அது சுருங்கி, மேலே பட்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். இடுப்புக்கு எலாஸ்டிக்கை மட்டும் நம்ப வேண்டாம், நாடாவும் இருக்கட்டும். இத்தனையும் செய்தாலும், பைஜாமா நிறத்திலேயே ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸ் உள்ளே அணிவது கட்டாயம். தையல் விட்டாலும் மானம் போகாது என்ற தைரியம் இருந்தால்தான் அந்த வயதுப் பெண் தயங்காமல் முழுமண்டியில் உட்காருவாள்.

விசிறியில் இரண்டு தவறு நடக்கும். கொசுவத்தை இரண்டு காலோடும் இறுக்கிப் பிடித்துத் தைத்தால் அரைமண்டியில் விசிறி விரியாமல் முட்டியை உள்ளே இழுக்கும். டீச்சர் "முட்டியைத் திற, முட்டியைத் திற" என்று எத்தனை முறை சொன்னாலும் குழந்தையால் திறக்க முடியாது. நீளம் கூடினால் வேறு வினை. முழுமண்டியில் குதிகால் தூக்கி நிற்க, விசிறியின் அடி ஓரம் பாதங்களுக்கு நடுவே தரையில் விழும். எழும்போது குதிகால் அதன் மேல் இறங்கினால் இடுப்பில் தையல் பிய்யும், அல்லது ஆள் விழுவாள். ட்ரையல் பார்க்கும்போது முழுமண்டியிலிருந்து பத்து முறை எழச் சொல்லுங்கள். ஒரு முறை மாட்டினாலும் அடி ஓரத்தை ஒரு அங்குலம் ஏற்றித் தைக்க வேண்டும். பைஜாமாவின் அடியும் சலங்கைக்கு மேலேயே நிற்க வேண்டும். துணி மேலே விழுந்தால் மணியின் ஒலி மங்கும், ஜரிகையும் மணியில் சிக்கும்.

ரவிக்கைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் கீழ் ஓரம் ஏறக்கூடாது. ஏறினால் அக்குளில் ஒரு சிறு துண்டு சேர்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஒரு அங்குலத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள், வளர்கிற பெண். கொக்கி மாட்டிய பின் மேல் கொக்கி, கீழ் கொக்கி இரண்டின் மேலும் ஊசியால் இரண்டு தையல்.

சேஃப்டி பின் திறந்துகொண்டதற்குக் காரணம், அதை ஒரே ஒரு முறை குத்தி மூடியிருப்பார்கள். அப்படிக் குத்தினால் துணி ஊசியின் நடுவில் தொங்கும். இழுப்பு வரும்போது கம்பி வளைந்து வாயிலிருந்து நழுவும். துணிக்குள் நுழைத்து, வெளியே எடுத்து, மறுபடி நுழைத்து, வெளியே எடுத்து அப்புறம் மூடுங்கள். தையல் போடுவது போல இரண்டு முறை ஏறி இறங்கினால் துணி அசையாது. தோள் மேலாக்குக்குப் பின்னை நம்பாமல் தைத்தே விடலாம். பத்துத் தையல் போதும், ஆட்டம் முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம். ஆடும் உடம்பில் பின்னைவிட நூலுக்கே விசுவாசம் அதிகம்.

ஒட்டியாணத்தை நிற்க வைத்துக் கட்டாதீர்கள். அரைமண்டியில் நிறுத்தி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லி அப்போது கட்டுங்கள். பின்புறம் வெல்வெட் துணி ஒட்டியிருந்தால்தான் உலோக விளிம்பு பட்டுத் துணியைக் கீறாது. நான்கு இடத்தில் நூலால் உடையோடு பிடித்துத் தையுங்கள், மேலே ஏறாது. ஜடையின் நுனியை ஒட்டியாணத்துக்குள் செருகும் வழக்கம் உண்டு. செருகும் முன் மகளை அதோமுகமாகத் தலையைக் குனியச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஜடை விறைக்காமல் இரண்டு அங்குலமாவது தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குனியும் ஒவ்வொரு முறையும் சவுரி வேரோடு இழுபடும், ராக்கொடி (பின்தலை நகை) சாயும். தலைக்கு அன்றைக்குக் குளிக்க வேண்டாம். முதல் நாள் குளித்த தலைமுடியில்தான் ஹேர்பின் பிடிக்கும்.

பூவுக்கு மேடையில் துணிப் பூவே நல்லது. மல்லிகை மணம் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் உதிர்ந்த ஈர இதழ் வெறுங்காலுக்கு வாழைப்பழத் தோல் மாதிரி. சலங்கை பூஜையன்று ஆசை தீர மல்லிகை வைத்துக்கொள்ளட்டும்.

ஜிமிக்கியின் பாரத்தை மாட்டல்தான் தாங்க வேண்டும். காது மடலின் பின்னால் சிறு மருத்துவ டேப் ஒட்டுங்கள். நெத்திச்சுட்டியின் நடுப் பதக்கத்துக்கு அடியில் இமை ஒட்டும் பசை ஒரு பொட்டு. மூக்கில் அழுத்தி மாட்டும் நத்துக்கும் அதுவே. ஸ்டிக்கர் பொட்டு வியர்வையில் கழன்று விழும், வரைந்துவிடுங்கள். நீள மாங்காய் மாலையை மார்பில் இரண்டு தையலால் பிடித்துவிட்டால், கடகாமுக முத்திரை பிடிக்கும் விரலில் சிக்காது. அல்தாவை (கை கால்களுக்கு இடும் சிவப்புச் சாயம்) முதல் நாள் இரவே வைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் சோதனை உடை ஒத்திகைதான். தையற்காரரிடம் அரங்கேற்றத்துக்கு 15 நாள் முன்பே உடை கைக்கு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நகை சலங்கை எல்லாம் போட்டு, வர்ணத்தை முழுசாக ஆட வையுங்கள். பாதி வர்ணம் போதாது. வியர்வை ஊறிய பின்புதான் நாடா நழுவும், பொட்டு வழியும், பட்டு தோலில் ஒட்டி இழுக்கும். போனைத் தரையில் வைத்து வீடியோ எடுங்கள். சபா மேடையில் முன்வரிசையில் இருப்பவர்கள் கீழிருந்துதான் பார்ப்பார்கள், வீட்டுக் கண்ணாடியில் தெரியாதது அந்தக் கோணத்தில் தெரியும்.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். இதைக் குருவோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். காதணி, வளையல், பூ விழுந்தால் ஆட்டம் தொடரட்டும். ஓரமாக விழுந்ததைப் பார்க்கவே வேண்டாம், நடுவில் விழுந்தால் அபிநயப் பகுதி வரும்போது எடுத்துவிடலாம். சலங்கை தளர்கிறது என்று தெரிந்தால் ஜதி (தாளச் சொற்கட்டு) நடுவில் குனியக் கூடாது. தீர்மானம் (ஜதியை முடிக்கும் கோவை) வரை ஆடிவிட்டு, சாகித்திய அடி (பாடல் வரி) வந்ததும், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரைப் பார்த்து ஏற்கெனவே பேசிய சைகை காட்டிவிட்டு ஓரத்துக்கு நடக்கட்டும். பாடகர் அதே அடியைச் சங்கதி (மெட்டில் சிறு மாற்றங்கள்) போட்டு இன்னும் இரண்டு மூன்று முறை பாடுவார். ஆனால் அவிழ்ந்த பட்டை பாதத்தில் சுற்றினாலோ, மணி உதிர்ந்து தரையில் கிடந்தாலோ, உடை கிழிந்தாலோ அந்த நொடியே நிறுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். தாளம் தவறுமே என்று பயந்து ஒரு குழந்தை கூசிக் குறுகி ஆடக் கூடாது. அப்படி நிறுத்த அனுமதி உண்டு என்று குருவின் வாயால் அவள் முன்னாடியே கேட்டிருக்க வேண்டும்.

மேடை ஓரத்தில் ஒருவர் இதற்காகவே நிற்கட்டும். நீங்கள் வேண்டாம், உங்களுக்கு வாசலில் விருந்தாளிகள் இருப்பார்கள். சித்தியோ அக்காவோ நிற்கலாம். அவர் கையில் நூல் கோத்த ஊசி நான்கு (உடை நிறத்தில் இரண்டு, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று), கத்தரி, பின், டேப், ஹேர்பின், மாற்று நாடா இரண்டு, இன்னொரு ஜோடி சலங்கை, சின்ன டார்ச். மேடை ஓர இருட்டில் ஊசியில் நூல் கோக்க யாராலும் முடியாது, அதனால்தான் முன்பே கோத்து வைக்கச் சொல்வது.

எத்தனை பின் குத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வர்ணம் முடிந்து இரண்டாம் உடைக்கு மாற்றும்போது 12 குத்தியிருந்தால் 12 திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேடையைப் பெருக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். வெறுங்காலோடு, நிறைவில் வரும் தில்லானாவுக்குப் போகப் போகிறாள்.