யோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் அசெம்பிளி பிரிவின் மேலாளராக இருக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் இளம் ஃபிட்டர் ஒருவர், ஷாஃப்ட்டில் பேரிங் ஏற்றுவதற்குத் உருப்படியைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஜிக் ஒன்றைத் தானாகவே செய்து முயன்றார். அளவு தவறி 40 ஷாஃப்ட்டுகள் ஸ்க்ராப் ஆயின. இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் அவரைத் திட்டித் தீர்த்தார். நான் குறுக்கே பேசவில்லை. பிறகு யோசனைப் பெட்டி வைத்தோம், பரிசும் அறிவித்தோம். ஒரு சீட்டுகூட விழவில்லை. நான் அனைவரிடமும் கனிவாகவே பழகுகிறேன். அந்தக் கனிவுதான் ஆட்களைக் கெடுத்தது, கண்டிப்பைக் கூட்டுங்கள் என்கிறார் இயக்குநர். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஆட்களிடம் யோசனைகள் நிச்சயமாக இருக்கின்றன. நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்கிறவருக்கு, எந்த ஸ்பேனர் கைக்கு எட்டவில்லை, எந்த உருப்படி சரியாக உட்காருவதில்லை என்பது உங்களைவிட நன்றாகவே தெரியும். ஆனால் முயன்று பார்த்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அப்போது நீங்கள் வாய் திறக்காமல் நின்றதையும் அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த பெட்டியையும் பரிசையும் அவர்கள் எப்படி நம்புவார்கள்? நீங்கள் கனிவானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. நலம் விசாரிப்பதும், வீட்டு விசேஷத்துக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பதும் நல்ல குணங்கள்தாம். ஆயினும், கீழே வேலை செய்பவர் ஒரு கெட்ட செய்தியோடு வந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை வைத்தே அவர்கள் உங்கள் பரிவை எடை போடுவார்கள்.

ஆட்களைக் குறை சொல்லும் உங்கள் இயக்குநருக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஃப்ரீமாண்ட் நகரத்துக் கார் ஆலையின் கதையை. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய அந்த ஆலையில் வேலைக்கு வராதவர்களின் அளவு 20 விழுக்காடு வரை போனது. நிர்வாகமும் தொழிற்சங்கமும் கீரியும் பாம்புமாக இருந்தன. கார்கள் வரிசையாக நகர்ந்தபடியே பொருத்தப்படும் லைனை நிறுத்துவது அங்கே பெருங்குற்றம் என்பதால், குறையோடு வந்த காரும் அப்படியே நகர்ந்து போய், கடைசியில் தனியாகச் சரிசெய்யப்பட்டது. 1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து, நும்மி என்ற பெயரில் அதையே மீண்டும் திறந்தபோது, வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள். சங்கமும் பழைய சங்கமே.

லைன் நெடுகிலும் இப்போது ஒரு கயிறு தொங்கியது. ஒரு நட்டு சரியாக ஏறவில்லை என்றால் தொழிலாளி அதை இழுப்பார், விளக்கு எரியும், குழுத் தலைவர் விரைந்து வருவார், கார் குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் கோளாறு தீராவிட்டால் லைன் நிற்கும். வருகிறவருடைய வேலை கைகொடுப்பது, குற்றவாளியைத் தேடுவதன்று. சில ஆண்டுகளிலேயே வேலைக்கு வராதவர்களின் அளவு வெகுவாகக் குறைந்தது, தரமும் ஜப்பானிய ஆலைகளுக்கு ஈடாக உயர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், உபரியானவர்களைப் பயிற்சியிலும் வேலைமுறையைச் சீர்படுத்தும் பணியிலும் ஈடுபடுத்தினார்கள். தன் யோசனை தன் வேலைக்கே உலை வைக்கும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் யோசனை சொல்வதில்லை என்பதால், இந்த ஒரு முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் கண்டிப்பின்மை என்று இயக்குநர் நினைத்துவிடக் கூடாது. டொயோட்டா முறையில் எந்த வேலையை எந்த வரிசையில், எத்தனை விநாடிகளில் செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து விருப்பம்போல் விலக முடியாது. ஆனால் அதைத் திருத்துவதில் அந்த வேலையைச் செய்கிறவருக்கே முதன்மையான பங்கு உண்டு. கண்டிப்பும் பரிவும் ஒன்றையொன்று தின்பவை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் ஆலைக்கு வருகிறேன். முதல் வேலை அந்த ஃபிட்டரைச் சந்திப்பது. தனியறையில் ஆறுதல் சொன்னால் போதாது. எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கியவருக்கு எல்லோர் முன்னிலையிலும்தான் மதிப்பு திரும்பக் கிடைக்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும் கூட்டத்தில், அன்று பேசாமல் இருந்தது உங்கள் தவறு என்று சொல்லுங்கள். பிறகு அந்த ஜிக் வேலையைத் தொடருமாறு அவரைக் கேளுங்கள். இந்த முறை, ஏற்கெனவே ரிஜெக்ட் ஆன ஷாஃப்ட்டுகளில் ஐந்தை மட்டும் எடுத்து முயலட்டும். ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த பிறகே அடுத்தது. 40 உருப்படிகள் வீணானதற்குக் காரணம் அவர் முயன்றது அன்று, முயல்வதற்கு ஓர் இடமும் வரம்பும் இல்லாமல் போனதே. அந்த இடத்தையும் வரம்பையும் அமைத்துக் கொடுப்பது மேலாளராகிய உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத இன்சென்டிவ், அதாவது ஊக்கத்தொகை விஷயம். உங்கள் ஆலையில் உருப்படி எண்ணிக்கையை வைத்து இன்சென்டிவ் கணக்கிடுகிறீர்கள் என்றால், புதிய முறையை முயன்று பார்க்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொழிலாளியின் பையிலிருந்து பணம் போகிறது என்று பொருள். முயற்சி நேரத்துக்கு அவருடைய சராசரி இன்சென்டிவைக் கொடுத்துவிடுங்கள். நிர்வாகங்கள் பெரும்பாலும் காணத் தவறும் முட்டுக்கட்டை இது. பல இடங்களில் தயக்கம் என்று நாம் நினைப்பது வெறும் கூலிக் கணக்குதான்.

பெட்டியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தினமும் லைனில் நடந்து, இன்று வேலைக்கு எது இடைஞ்சலாக இருந்தது என்று கேளுங்கள். புது யோசனை கேட்டால் தயங்குகிறவர்கூட இடைஞ்சலைச் சொல்லிவிடுவார். சொன்னதற்கு இரண்டு நாளைக்குள் பதில் போக வேண்டும். முடியாது என்றால் காரணத்தோடு. கூட்டத்தில் பேசக் கூசும் மூத்த தொழிலாளியிடம் டீ நேரத்தில் கேளுங்கள், சூப்பர்வைசருக்கு அஞ்சுகிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆளுக்கேற்றபடி வழியை மாற்றிக்கொள்ளும் இந்த நெகிழ்வு இல்லாமல் எந்தத் திட்டமும் ஓடாது.

இயக்குநரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி வையுங்கள். முதல் சில மாதங்களில் பதிவாகும் குறைகள் கூடும். 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்குதான் அதிகம் பதிவாகியிருந்தன. அக்குழுக்களில் பிழையை அஞ்சாமல் சொல்ல முடிந்தது என்பதே காரணம் என்று பின்னர் கண்டார். ஆகவே ரிஜெக்ஷன் பதிவேட்டை மட்டும் பார்த்து இயக்குநர் முடிவெடுக்க வேண்டாம். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும் பம்புகளின் எண்ணிக்கையை அதன் பக்கத்திலேயே எழுதி, இரண்டையும் சேர்த்து ஆறு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பதிவாகும் குறை கூடி, வெளியிலிருந்து திரும்பி வருவது குறைந்தால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.